உங்கள் மீது வழக்கு வந்தபின், பிரதிவாதி தரப்பு வழக்கறிஞரின் தொழில் பின்னணியைச் சரிபார்ப்பது எப்படி: அமெரிக்காவில் வாழ்வோருக்கான முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் உங்கள் மீதோ உங்கள் சிறு நிறுவனத்தின் மீதோ உரிமையியல் வழக்கு தொடரப்பட்டால், உங்களுக்காக வாதாடப்போகும் வழக்கறிஞரின் தொழில் பின்னணியை எங்கே, எந்த வரிசையில் சரிபார்ப்பது என்பதை இங்கே எழுதுகிறேன். முதலில் என் சொந்த வழக்குக்காகவும், பின்னர் நண்பர்கள் சிலரின் வழக்குகளுக்காகவும் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். தடுமாறியவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுமாறினார்கள்: வழக்கறிஞரின் இணையப் பக்கத்தைப் படிப்பதில் தொடங்கி, பதில் தாக்கல் செய்யக் கடைசி நாள் எது என்பதை இறுதியில் பார்த்தார்கள். வழக்கில் என்ன செய்வது என்பதை உரிமம் பெற்ற வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். அந்த வழக்கறிஞர் யார் என்பதைத் தீர்மானிக்கும் வரையிலான வேலை உங்களுடையது.

1. பதில் தாக்கல் செய்ய வேண்டிய நாளைக் கணக்கிடுங்கள்

சம்மனும் வழக்குரையும் எந்த நாளில், யாரிடம், எந்த வகையில் ஒப்படைக்கப்பட்டன என்பதை அன்றே எழுதி வையுங்கள். கூட்டாட்சி நீதிமன்ற வழக்காக இருந்தால், சம்மன் முறைப்படி ஒப்படைக்கப்பட்ட 21 நாள்களுக்குள் பதிலளிக்க வேண்டும். மாநில நீதிமன்றங்களில் கணக்கு மாறும். கலிஃபோர்னியாவில் 30 நாள்கள்; நியூயார்க்கில், மாநில எல்லைக்குள் உங்கள் கையிலேயே கொடுக்கப்பட்டிருந்தால் 20 நாள்கள், பெரும்பாலான பிற வழிகளில் 30 நாள்கள்; டெக்சாஸ் மாவட்ட நீதிமன்றங்களில், 20 நாள்கள் முடிந்தபின் வரும் திங்கட்கிழமை காலை 10 மணி.

இதை முதலில் செய்வதற்குக் காரணம், இந்தக் காலத்தில் பாதியையாவது வழக்கறிஞருக்கு விட்டுவைக்க வேண்டும் என்பதே. மாநில நீதிமன்றத்தில் தொடரப்பட்ட வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு மாற்றும் உரிமை உங்களுக்கு இருக்கலாம். அதற்கும் 30 நாள் வரம்பு உண்டு, அதைத் தவறவிட்டால் பெரும்பாலும் அந்த வழி அடைபட்டுவிடும். பதிலே தாக்கல் செய்யாவிட்டால் வாதி ஒருதலைப்பட்சத் தீர்ப்பைக் கோரலாம், அதை நீக்கச் செய்வது பதிலளிப்பதைவிடப் பல மடங்கு கடினமானது.

இந்தக் கட்டத்தில் நான் அதிகம் கண்ட பிழை, எதிர்த்தரப்பு வழக்கறிஞரைத் தாமே தொலைபேசியில் அழைத்து நடந்ததை விளக்க முயல்வது. அவர் உங்கள் நலனுக்காகப் பணியாற்றுபவர் அல்லர், நீங்கள் சொல்வது உங்களுக்கு எதிராகவே பயன்படலாம். வழக்கு தொடர்பான மின்னஞ்சல்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிப்பதும் அதே அளவு ஆபத்தானது. வழக்கு வந்தது தெரிந்தபின் ஆதாரங்களை அழித்தால், அழித்ததற்காகவே நீதிமன்றம் தண்டனை விதிக்கலாம்.

2. காப்பீட்டு ஆவணங்களை எடுத்து வையுங்கள்

வழக்கறிஞரைத் தேடுவதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும், ஏனெனில் வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களிடம் இருக்கிறதா என்பதையே இது தீர்மானிக்கக்கூடும். வாகனக் காப்பீடு, வீட்டுக் காப்பீடு, வணிகப் பொதுப் பொறுப்புக் காப்பீடு, தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு ஆகிய பலவற்றில், உங்கள் மீது வழக்கு வந்தால் காப்பீட்டு நிறுவனமே வழக்கறிஞரை அமர்த்திக் கட்டணத்தையும் செலுத்த வேண்டும் என்ற கடமை எழுதப்பட்டிருக்கும்.

சம்மன், வழக்குரை ஆகியவற்றின் நகலுடன் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து மூலமாக உடனே தெரிவியுங்கள். தெரிவிப்பதற்கு முன் நீங்களாகச் செய்த வழக்கறிஞர் செலவைப் பல காப்பீட்டு நிறுவனங்கள் திருப்பித் தருவதில்லை. நண்பர் ஒருவர் இரண்டு மாதம் தம் கைப்பணத்தைச் செலவிட்ட பிறகே, தம் கடைக்கான காப்பீட்டில் அந்த வகை வழக்கு அடங்கியிருந்ததைக் கண்டார். அந்த இரண்டு மாதச் செலவு அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

3. வழக்கின் வகையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

“இன்ன நீதிமன்றத்தில், கட்டடத்தில் வழுக்கி விழுந்து காயமடைந்த வாடிக்கையாளர், அதை வாடகைக்கு எடுத்து நடத்தும் என் நிறுவனத்தின் மீது இழப்பீடு கோரித் தொடர்ந்த வழக்கு” என்ற அளவுக்குத் துல்லியமாக எழுதுங்கள். நீதிமன்றம், வழக்கின் தன்மை, உங்கள் நிலை ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். இனி ஒவ்வொரு வழக்கறிஞரின் பின்னணியையும் இந்த வாக்கியத்தின் பக்கத்தில் வைத்தே அளக்கப் போகிறீர்கள். அளவுகோல் இல்லாமல் பார்த்தால் எல்லாப் பின்னணியும் சிறப்பானதாகவே தோன்றும்.

பிரதிவாதி தரப்பு வழக்கறிஞரை ஆங்கிலத்தில் ‘டிஃபன்ஸ் அட்டர்னி’ என்று கேட்டால் தெரிந்தவர்கள் பெரும்பாலும் குற்றவியல் வழக்கறிஞரைத்தான் பரிந்துரைப்பார்கள். கைது, பிணை, குற்றச்சாட்டு ஆகியவற்றைக் கையாளும் திறமை வேறு. பண இழப்பீடு கோரும் வழக்கில் ஆவணங்களைத் திரட்டி, நிபுணர் சாட்சிகளைத் தயார்செய்து, வாதியின் கோரிக்கையில் எந்தக் கூறு நிரூபிக்கப்படவில்லை என்று காட்டும் திறமை வேறு. வசதியற்றவருக்கு அரசே வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டும் என்று 1963-இல் கிடியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் குற்றவியல் வழக்குகளுக்கே உரியது. பண வழக்குகளில் பொதுவாக அந்த உரிமை கிடையாது.

வழக்கு உங்கள் எல்எல்சி (வரையறுக்கப்பட்ட பொறுப்பு நிறுவனம்) மீது வந்திருந்தால், அதன் ஒரே உரிமையாளர் நீங்களே என்றாலும் அதன் சார்பில் நீங்களே பதில் தாக்கல் செய்துவிடலாம் என்று எண்ணாதீர்கள். கூட்டாட்சி நீதிமன்றங்களில் நிறுவனம் வழக்கறிஞர் மூலமாகவே தோன்ற முடியும். மாநில நீதிமன்றங்களிலும், சிறு கோரிக்கை நீதிமன்றங்கள் போன்ற விலக்குகள் நீங்கலாக, பொதுவான நிலை இதுவே.

4. உரிமத்தை, உரிமம் வழங்கிய இடத்திலேயே சரிபாருங்கள்

அமெரிக்காவில் வழக்கறிஞர் உரிமம் மாநில வாரியாக வழங்கப்படுகிறது. அமெரிக்கன் பார் அசோசியேஷன் உரிமம் வழங்கும் அமைப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது விருப்ப உறுப்பினர் சங்கம்; சட்டக் கல்லூரிகளை அங்கீகரிப்பது அதன் பணிகளில் ஒன்று, தனிநபருக்கு உரிமம் தருவது அதன் வேலை அன்று. கலிஃபோர்னியா, டெக்சாஸ், ஃபுளோரிடா ஆகிய மாநிலங்களில் மாநில பார் (வழக்கறிஞர்கள்) அமைப்பின் தளத்திலும், நியூயார்க்கில் மாநில நீதிமன்ற நிர்வாகத்தின் வழக்கறிஞர் தேடல் பக்கத்திலும் பார்க்க வேண்டும்.

அங்கே நான்கு செய்திகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: உரிம எண், உரிமம் பெற்ற நாள், இப்போதைய நிலை, பகிரங்கமான ஒழுங்கு நடவடிக்கைகள். உரிம எண்தான் இவற்றில் மிகவும் பயன்படும். ஒரே பெயரில் பல வழக்கறிஞர்கள் இருப்பது மிகச் சாதாரணம். பெயரை மட்டும் நம்பித் தேடி, வேறொருவர் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையைத் தம் வழக்கறிஞர் தலையில் ஏற்றியவரை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்தில் இருந்தால் மாநில உரிமம் மட்டும் போதாது. அந்தக் குறிப்பிட்ட மாவட்ட நீதிமன்றத்தில் வாதாடவும் அவர் தனியாக அனுமதி பெற்றிருக்க வேண்டும். வேறு மாநில வழக்கறிஞர் ஒரே ஒரு வழக்குக்காக மட்டும் அனுமதி பெறும் முறையும் உண்டு, ஆனால் அதற்குப் பெரும்பாலும் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் உடனிருக்க வேண்டும். அந்த இரண்டாமவரின் கட்டணமும் உங்கள் கணக்கில் சேரும்.

5. கல்வியையும் தொடக்க காலப் பணிகளையும் அளவோடு பாருங்கள்

வழக்கமான பாதை, இளநிலைப் பட்டத்துக்குப் பின் முழுநேரமாக மூன்று ஆண்டுச் சட்டப் படிப்பு, அதன்பின் பார் தேர்வு எனப்படும் வழக்கறிஞர் உரிமத் தேர்வு, நன்னடத்தை ஆய்வு ஆகியவை. விஸ்கான்சினில் அம்மாநிலச் சட்டக் கல்லூரிகளில் பயின்றவர்கள் பார் தேர்வு எழுதாமலே உரிமம் பெறலாம். அதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. பத்தாண்டுக்கு மேல் அனுபவம் உள்ளவரிடம் கல்லூரியின் பெயரைப் பற்றி நான் கவலைப்படுவதே இல்லை.

முதல் ஐந்து ஆண்டுகளை எங்கே கழித்தார் என்பதை மட்டும் கவனமாகப் பார்ப்பேன். நீதிபதியிடம் உதவியாளராக இருந்தவருக்கு, எந்த மனு நீதிபதியின் மேசையில் எடுபடும் என்ற உணர்வு இருக்கும். முன்பு வாதி தரப்பில் பணியாற்றியவருக்கு எதிரில் இருப்பவரின் கணக்கு புரியும். அரசுத் தரப்புக் குற்றவியல் வழக்கறிஞராக இருந்தவர் நடுவர் குழுவின் (ஜூரி) முன் பேசிப் பழகியிருப்பார். ஆனால் ஆவணப் பரிமாற்றக் கட்டத்தில் எவ்வளவு அனுபவம் பெற்றார் என்பதைத் தனியாகக் கேட்டே தெரிந்துகொள்ள வேண்டும்.

6. நீதிமன்றப் பதிவுகளில் அவருடைய வேலையைத் தேடுங்கள்

அதிக நேரம் தர வேண்டிய படி இது; பெரும்பாலோர் தவிர்த்துவிடும் படியும் இதுதான். வழக்கறிஞர் தம்மைப் பற்றி எழுதியதை ஐந்து படிகளில் சரிபார்ப்பதைவிட, அவர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த இரண்டு மனுக்களைப் படிப்பது அவரைப் பற்றி அதிகம் சொல்லும்.

கூட்டாட்சி நீதிமன்றப் பதிவுகள் பேஸர் என்ற தளத்தில் உள்ளன. கணக்குத் தொடங்கக் கட்டணம் இல்லை. பக்கத்துக்கு 10 சென்ட் கட்டணம். ஓர் ஆவணத்துக்கு உச்சவரம்பு 3 டாலர். ஒரு காலாண்டில் மொத்தக் கட்டணம் 30 டாலரைத் தாண்டாவிட்டால் எதையும் செலுத்த வேண்டியதில்லை. பெயர்த் தேடலின் முடிவுகளுக்கு அந்த 3 டாலர் வரம்பு பொருந்தாது. பொதுவான பெயர் ஒன்றைத் தேடினால் பக்கங்கள் பெருகி, கட்டணம் ஏறிவிடும், ஆகவே நீதிமன்றத்தையும் ஆண்டையும் குறுக்கிய பிறகே தேடுங்கள். கோர்ட்லிசனர் என்ற இலவசத் தளத்தில், பிறர் ஏற்கெனவே பேஸரிலிருந்து எடுத்த ஆவணங்கள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. வழக்கறிஞர் பெயராலும் அங்கே தேட முடியும் என்பதால் நான் அங்கிருந்தே தொடங்குவேன்.

மாநில நீதிமன்றங்களின் நிலை ஒரே மாதிரி இல்லை. நியூயார்க்கில் வெப்சிவில் சுப்ரீம் என்ற தளத்தில் வழக்கறிஞர் பெயரால் தேடலாம். வேறு சில இடங்களில் வாதி, பிரதிவாதி ஆகியோரின் பெயராலோ வழக்கு எண்ணாலோ மட்டுமே தேட முடியும். அப்படிப்பட்ட இடங்களில், அவர் நடத்திய வழக்குகளின் எண்கள் சிலவற்றை அவரிடமே கேளுங்கள். அவை பொதுப் பதிவுகள் என்பதால், நேர்மையான வழக்கறிஞர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

பதிவுகளைத் திறந்ததும், வென்றாரா தோற்றாரா என்று தேடாதீர்கள். கூட்டாட்சி நீதிமன்றங்களில் தாக்கலாகும் உரிமையியல் வழக்குகளில் நூற்றில் ஏறத்தாழ ஒன்றுதான் முழு விசாரணை வரை செல்கிறது. மற்றவற்றில் பெரும்பகுதி சமரசத்திலோ தள்ளுபடியிலோ முடிகிறது. சமரசமான வழக்கின் பதிவிலும், இரு தரப்பும் ஒப்புக்கொண்டு வழக்கை முடித்துக்கொண்டதாக ஒரு வரிதான் இருக்கும். கொடுத்த தொகை அதில் தெரியாது. ‘தள்ளுபடி’ என்ற சொல்லைக் கண்டதும் அதை வெற்றியாக எண்ணி மகிழ்ந்தவர்கள் ஏமாந்திருக்கிறார்கள்.

நான் பார்ப்பவை வேறு. அவர் எந்தத் தரப்பில் தோன்றினார், உங்கள் வாக்கியத்தில் எழுதிய வகை வழக்கு எத்தனை, மனுக்களின் அடியில் கையொப்பம் அவருடையதா அல்லது இளையவர் ஒருவருடையதா என்பவற்றை முதலில் பார்ப்பேன். பின்னர், வழக்கைத் தொடக்கத்திலேயே தள்ளுபடி செய்யக் கோரும் மனுவோ, விசாரணைக்கு முன்பே சுருக்கத் தீர்ப்பு கோரும் மனுவோ தாக்கல் செய்திருந்தால், அதன் மீது நீதிபதி பிறப்பித்த உத்தரவை முழுவதும் படிப்பேன். மனு தோற்றிருந்தாலும், நீதிபதி அவருடைய வாதத்தை எடுத்துப் பேசி, ஆராய்ந்து மறுத்திருந்தால் அது நல்ல அறிகுறி. ஆவணங்களைத் தரத் தவறியதற்காக விதிக்கப்பட்ட தண்டனை உத்தரவோ, அதே வழக்கில் ஐந்தாறு முறை கால நீட்டிப்புக் கோரியதோ தென்பட்டால் காரணத்தை அவரிடமே கேட்பேன்; கட்சிக்காரர் ஒத்துழைக்காததும் காரணமாக இருக்கக்கூடும்.

7. சான்றிதழையும் அழைப்பையும் விளம்பரத்தையும் வேறுபடுத்துங்கள்

வழக்கறிஞரின் பக்கத்தில் வரிசையாக நிற்கும் முத்திரைகளுக்கு ஒரே எடை கிடையாது. டெக்சாஸ், ஃபுளோரிடா ஆகிய மாநிலங்களில் உரிமையியல் விசாரணைத் துறைக்கு முறையான சிறப்புச் சான்றிதழ் உண்டு; தேர்வு, அனுபவம், சக வழக்கறிஞர்களின் மதிப்பீடு ஆகியவற்றைக் கடந்தே அதைப் பெற முடியும். 1950-இல் தொடங்கிய அமெரிக்கன் காலேஜ் ஆஃப் டிரையல் லாயர்ஸ் என்ற வழக்கறிஞர் சங்கம், குறைந்தது 15 ஆண்டு விசாரணை அனுபவம் உள்ளவர்களை அழைத்தே சேர்க்கிறது, எந்த மாநிலத்திலும் மொத்த வழக்கறிஞர்களில் 1 சதவீதத்தைத் தாண்டிச் சேர்ப்பதில்லை. அபோட்டா என்ற அமைப்பும் நடுவர் குழு முன் வழக்கு நடத்திய அனுபவத்தைப் பார்த்து, அழைப்பின் பேரிலேயே உறுப்பினராக்குகிறது.

டிஆர்ஐ என்பது பிரதிவாதி தரப்பு வழக்கறிஞர்களின் பெரிய அமைப்பு. அதன் உறுப்பினர் என்பது, அவர் எந்தத் தரப்பில் பணியாற்றுகிறார் என்பதைக் காட்டும். திறமைக்கான சான்றாக அதைக் கொள்ள முடியாது. நட்சத்திர மதிப்பீடுகளை நான் பொருட்படுத்துவதில்லை.

8. காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் வழக்கறிஞர் என்றால்

இங்கேதான் பலர், தேர்ந்தெடுத்தது தாம் இல்லை என்பதால் ஆராயவும் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். பணம் கொடுப்பது காப்பீட்டு நிறுவனம் என்றாலும், அவருடைய கட்சிக்காரர் நீங்கள்தான். கட்டணம் செலுத்தும் மூன்றாம் தரப்பு வழக்கறிஞரின் சுதந்திரமான முடிவில் தலையிடக் கூடாது என்பது தொழில் ஒழுக்க விதி. ஆகவே முன் சொன்ன படிகள் அனைத்தும் அவருக்கும் பொருந்தும். அவர் தனி நிறுவனத்தைச் சேர்ந்தவரா, காப்பீட்டு நிறுவனத்திலேயே ஊதியம் பெறும் வழக்கறிஞரா என்பதையும் கேட்டு அறியுங்கள்.

‘எங்கள் உரிமைகளைத் தக்கவைத்துக்கொண்டே வாதாடுகிறோம்’ என்ற பொருளில் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். இப்போது வழக்கை நடத்துகிறோம், ஆனால் இழப்பீட்டைத் தர மறுக்கும் உரிமை எங்களிடமே இருக்கிறது என்பதே அதன் சாரம். வழக்கறிஞர் வழக்கை நடத்தும் விதத்தால் அந்த மறுப்புக்கு வலுச் சேரக்கூடிய நிலை இருந்தால், உங்களுக்கும் நிறுவனத்துக்கும் நலன் முரண் ஏற்படுகிறது. கலிஃபோர்னியாவில் 1984-இல் வந்த கியூமிஸ் தீர்ப்பும், அதையொட்டி இயற்றப்பட்ட உரிமையியல் சட்டத் தொகுப்பின் 2860-ஆம் பிரிவும், இத்தகைய முரண் உள்ள வழக்குகளில் காப்பீட்டு நிறுவனத்தின் செலவில் நீங்களே சுயேச்சையான வழக்கறிஞரைத் தேர்ந்தெடுக்க வழி செய்கின்றன.

அந்தப் பிரிவு, இவ்வாறு தேர்ந்தெடுக்கப்படுபவருக்குக் காப்பீட்டு நிறுவனம் விதிக்கக்கூடிய குறைந்தபட்சத் தகுதிகளாக இரண்டைக் குறிப்பிடுகிறது: வழக்கின் பொருள் சார்ந்த விஷயத்தில் கணிசமான பிரதிவாதி தரப்பு அனுபவத்தையும் உள்ளடக்கிய ஐந்து ஆண்டு உரிமையியல் வழக்குப் பணி, தொழில் தவறுகளுக்கான காப்பீடு. வேறு மாநிலத்தில் இருந்தாலும் இதை உங்கள் அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம். ‘25 ஆண்டு அனுபவம்’ என்ற வரியைவிட, உங்கள் வகை வழக்கில், உங்கள் தரப்பில் கழித்த ஐந்து ஆண்டுகளே உங்களுக்குப் பயன்படும்.

9. முதல் சந்திப்புக்கு ஆயத்தமாகுங்கள்

வாதி, அவருடைய வழக்கறிஞர், வழக்கில் உள்ள பிற நபர்கள், நிறுவனங்கள் ஆகியோரின் பெயர்ப் பட்டியலைச் சந்திப்புக்கு முன்பே அனுப்புங்கள். அவர்களில் யாருக்காகவாவது அவர் பணியாற்றியிருந்தால், உங்கள் கதையைக் கேட்பதற்கு முன்பே அது தெரிந்தாக வேண்டும். துணைக்கு உறவினரையோ நண்பரையோ உள்ளே அழைத்துச் செல்லாதீர்கள். தேவையற்ற மூன்றாம் நபரின் முன்னிலையில் பேசியவை, வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான ரகசியப் பாதுகாப்பை இழக்கக்கூடும். நம் மக்கள் அன்பினால் செய்யும் தவறு இது.

கேள்விகளைக் குறுகியதாக வைத்துக்கொள்ளுங்கள். இதே வகை வழக்கைப் பிரதிவாதி தரப்பில் கடைசியாக எப்போது நடத்தினார், அது எந்தக் கட்டத்தில் முடிந்தது? கடைசியாக நடுவர் குழு முன் தலைமை வழக்கறிஞராக நின்றது எந்த ஆண்டு? சாட்சிகளைச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் விசாரித்துப் பதிவுசெய்யும் டெபொசிஷன்களை யார் நடத்துவார், அவரா இளையவரா? கூட்டாட்சி விதிகளின்படி ஒரு சாட்சியை ஒரு நாளில் ஏழு மணி நேரம் வரை விசாரிக்கலாம். வழக்கின் போக்கைப் பெரும்பாலும் அந்த ஏழு மணி நேரமே தீர்மானிப்பதால், அந்த நாற்காலியில் உட்காரப் போகிறவரின் பின்னணியும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தொழில் தவறுகளுக்கான காப்பீடு இருக்கிறதா என்றும் நேரடியாகக் கேளுங்கள். ஆரிகன், ஐடஹோ ஆகிய மாநிலங்களில் தனியார் தொழில் செய்யும் வழக்கறிஞருக்கு அது கட்டாயம். பெரும்பாலான மாநிலங்களில் கட்டாயம் இல்லை. முதல் சந்திப்பிலேயே வெற்றி உறுதி என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். ஆவணங்களைப் பார்க்காமல் அதைச் சொல்ல எவராலும் முடியாது.

10. ஒப்பந்தக் கடிதத்தில் பெயர்களைப் பாருங்கள்

கையொப்பமிடும் முன், நீங்கள் ஆராய்ந்த நபரின் பெயர் அந்தக் கடிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். யார் என்ன பணி செய்வார், ஒவ்வொருவருக்கும் மணிக் கட்டணம் எவ்வளவு, முன்பணம் தீர்ந்தால் என்ன நடக்கும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். பிரதிவாதி தரப்பில் பெரும்பாலும் மணிக் கணக்கில்தான் கட்டணம்; மணியின் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறு நிமிடம், அதன் வழக்கமான அலகு. இரண்டு நிமிடத் தொலைபேசிப் பேச்சும் ஆறு நிமிடமாகப் பதிவாகலாம் என்பதால், கேள்விகளைச் சேர்த்து ஒரே மின்னஞ்சலில் அனுப்பப் பழகுங்கள்.

கையொப்பமிட்டபின், முதல் படியில் குறித்துவைத்த கடைசி நாளுக்குச் சில நாள்கள் முன்பாக நீதிமன்றப் பதிவைத் திறந்து, அவருடைய பெயர் உங்கள் வழக்கறிஞராகப் பதிவாகியிருக்கிறதா, பதிலுரையோ கால நீட்டிப்போ தாக்கலாகியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். இல்லையென்றால் அன்றே எழுத்து மூலம் கேளுங்கள்.